முப்பது நாள் அறிவித்தலும் லயன் வீடும்: மலையகத்தின் சுற்றாடல் தீர்மானங்களை எடுப்பது யார்?

இலங்கையில் பெரிய அணை, நெடுஞ்சாலை, சுரங்கம் போன்ற ஒன்று அமைக்கப்படுவதற்கு முன்னர், அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல மக்களுக்குச் சட்டம் 30 நாட்களை ஒதுக்கியிருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் கொண்டுவரப்பட்ட 56 ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம் இந்த ஏற்பாடு வந்தது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் அதை எங்கே, எந்த நேரத்தில் பார்வையிடலாம் என்று வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளியிட வேண்டும். அந்தத் திகதியிலிருந்து 30 நாட்களுக்குள் வரும் கருத்துகளைக் கவனத்தில் எடுத்தே அனுமதி வழங்குவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறது. கருத்துச் சொல்லும் உரிமையைச் சட்டம் பொதுமக்களில் எவருக்கும் கொடுக்கிறது. பிரஜைக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அந்தப் பிரச்சினையின் மிச்சத்தைச் சுமந்த ஒரு சமூகத்துக்கு இது சின்ன வித்தியாசமல்ல. வாக்குச்சீட்டு கைக்கு வராதவருக்கும் ஆற்றைப் பற்றிப் பேச 1988 இலிருந்தே சட்டத்தில் இடம் இருந்தது.

நான் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். இந்த அறிவித்தல்களைச் சில வருடங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க எனக்கு வலுப்பட்ட எண்ணம் இதுதான்: மலையக மக்கள் சுற்றாடல் தீர்மானங்களில் குரலற்றுப் போவதற்கு விழிப்புணர்வுக் குறைவு காரணமல்ல. அப்படிச் சொல்வது அதிகாரிகளுக்கு வசதியான விளக்கம். சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவுக்குப் போய்ச் சேர ஒருவருக்குச் சொந்த முகவரி வேண்டும், நாட்சம்பளம் போகாத ஒரு நாள் வேண்டும், தனக்காகப் பேசக் கடமைப்பட்ட ஓர் உள்ளூராட்சிச் சபை வேண்டும். இந்த மூன்றும் தோட்டத்தில் இல்லாமலிருந்தன. மூன்றாவது அண்மையில்தான் வந்தது.

மேல் கொத்மலை சொல்லும் கதை

அவிசாவளையிலிருந்து ஹற்றன் வழியாக நுவரெலியா போகும் வீதியில் தலவாக்கலைக்கு முன்னால் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும். சுமார் 80 மீற்றர் உயரம். அகலத்தில் நாட்டின் மிகப் பெரிய நீர்வீழ்ச்சி என்று சொல்வார்கள். அதற்கு மேலே தலவாக்கலை நகரோடு ஒட்டி நிற்பதுதான் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை. கொத்மலை ஓயாவின் நீரை அங்கே மறித்து, சுமார் 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக நியங்கந்தொரவிலுள்ள நிலத்தடி மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உற்பத்தித் திறன் 150 மெகாவாட்.

இலங்கையில் பொதுமக்கள் கருத்துக் கோரல் உண்மையாகவே ஒரு திட்டத்தைத் தடுத்து நிறுத்தி, பின்னர் வடிவம் மாற்றவும் வைத்த சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று. இலங்கை மின்சார சபை சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை 1994 இல் சமர்ப்பித்தது. நீர்வீழ்ச்சிகள் வற்றும், மலைச்சரிவுகள் பாதிக்கப்படும், மாற்று வழிகள் ஒழுங்காக ஆராயப்படவில்லை என்று ஆட்சேபங்கள் வந்தன. மத்திய சுற்றாடல் அதிகாரசபை அனுமதி மறுத்தது. அரசாங்கத்தின் மின்சார சபைக்கு அரசாங்கத்தின் இன்னொரு நிறுவனம் மறுப்புச் சொன்னது என்பதை இன்றைய நிலையில் நினைத்துப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் சட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. அனுமதி மறுக்கப்பட்டால், மறுக்கப்பட்டவர் சுற்றாடல் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால், அதனால் பாதிக்கப்படும் மக்களுக்கு அதே மேன்முறையீட்டு உரிமை இல்லை. அவர்கள் வழக்கறிஞரைப் பிடித்துக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்க வேண்டும். திட்டக்காரருக்கு ஒரு கடிதம் போதும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒரு வழக்கு வேண்டும். 30 நாள் ஏற்பாட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மின்சார சபை மேன்முறையீடு செய்தது. விசாரணைகளும் மேலதிக ஆய்வுகளும் நடந்து, 1998 இல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்து என்வயர்மென்டல் பவுண்டேஷன் என்ற கொழும்பு அமைப்பு நீதிமன்றம் போனது. கடைசியில் கட்டப்பட்ட திட்டம் முதலில் முன்வைக்கப்பட்டது அல்ல. பூண்டுலோயா, ரம்பொடை பக்கத்து ஆறுகளையும் சேர்த்துத் திருப்பும் யோசனை கைவிடப்பட்டு, பிரதான ஆற்றின் நீர் மட்டுமே எடுக்கப்பட்டது. சென் கிளேயருக்குப் பகல் வேளையில் தண்ணீர் விடவேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. இன்று அந்த வீதியால் போகிறவர்கள் நீர்வீழ்ச்சியில் கொஞ்சமாவது தண்ணீரைப் பார்க்கிறார்கள் என்றால், அந்த ஆட்சேபங்களுக்கு அதில் பங்கிருக்கிறது.

தோட்ட மக்களின் குரல் வேறு பாதையில் போனது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உள்ளிட்ட மலையகக் கட்சிகள் பல வருடங்கள் இத்திட்டத்தை எதிர்த்தன. தலவாக்கலையில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஆனால் அந்த எதிர்ப்பு கூட்டணி அரசியலின் ஏற்ற இறக்கத்தோடு ஏறி இறங்கியது. 2002 இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2006 இல் வேலை தொடங்கியது. 2012 இல் மின்சாரம் வந்தது. சுமார் 500 குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. கிடைத்த புதிய வீடுகள் பழையவற்றை விடத் தரமானவை என்பதை மறுக்க முடியாது. கேள்வி வீட்டின் தரத்தைப் பற்றியதல்ல. நீர்வீழ்ச்சிக்காகப் பேசியவர்களின் வாதம் எழுத்தில் பதிவாகி, நிபந்தனையாக மாறி, இன்றும் எடுத்துக்காட்டக்கூடியதாக இருக்கிறது. ஆற்றங்கரையில் இருந்தவர்களின் வாதம் தலைவர்களின் பேச்சுவார்த்தை மேசையில் கரைந்துபோனது. அவர்கள் என்ன கேட்டார்கள், அதற்கு என்ன பதில் கிடைத்தது என்று காட்டும் ஆவணம் அவர்கள் கையில் இல்லை.

சின்னத் திட்டங்களுக்கு அறிவித்தல் இல்லை

மேல் கொத்மலை போன்ற திட்டம் ஒரு தலைமுறைக்கு ஒன்று வரும். மலையகத்தில் அடிக்கடி வருவது சிறு நீர்மின் நிலையம், கல் உடைக்கும் இடம், சுற்றுலா விடுதி, தேயிலையைப் பிடுங்கிவிட்டு யூகலிப்டஸ் வைப்பது போன்றவைதான்.

1993 ஜூன் 24 ஆம் திகதிய 772/22 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி, எந்தத் திட்டங்களுக்குச் சுற்றாடல் அனுமதி தேவை என்று பட்டியலிடுகிறது. நீர்மின் நிலையம் என்றால் 50 மெகாவாட்டுக்கு மேல். காணி துப்புரவாக்கல் என்றால் 50 ஹெக்டேயருக்கு மேல். அதற்குக் குறைந்தவை, உணர்திறன் மிக்க பகுதிகள் என்று அதே வர்த்தமானி குறிப்பிடும் இடங்களில் அமைந்தால் மட்டுமே இந்த நடைமுறைக்குள் வரும்: ஒதுக்கக் காடுகளின் எல்லை, மண்ணரிப்புக்குள்ளாகும் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட நிலம், பெரிய ஆறுகளின் கரை போன்றவை. அப்படி வந்தாலும் பல திட்டங்களுக்கு முழு மதிப்பீடு கேட்பதில்லை. ‘ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை’ என்ற சுருக்கமான அறிக்கை போதும் என்று விடுவார்கள்.

முன்பு இந்தச் சுருக்க அறிக்கைக்கும் 30 நாள் பொதுமக்கள் கருத்துக் கோரல் கட்டாயமாக இருந்தது. 2000 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கத் திருத்தம் அதை நீக்கியது. ஆகவே தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் ஒரு சிறு மின்நிலையம் வருகிறது என்றால், பீலித் தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்கவேண்டிய குடும்பங்களிடம் சட்டப்படி யாரும் கேட்கவேண்டியதில்லை. அறிக்கை பொது ஆவணம்தான். கேட்டால் பார்க்கலாம். ஆனால் அப்படி ஓர் அறிக்கை இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பது?

அதே வர்த்தமானியில் இன்னொரு வரி. 100 குடும்பங்களுக்கு மேல் விருப்பமின்றி மீள்குடியேற்றும் திட்டங்களுக்குச் சுற்றாடல் அனுமதி வேண்டும், அவசர நிலைமைகளில் செய்யப்படும் மீள்குடியேற்றம் தவிர. மண்சரிவுக்குப் பிறகு தோட்ட மக்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற தீர்மானம் பெரும்பாலும் இந்த விதிவிலக்குக்குள் விழுந்துவிடும். முகாமில் இருந்து, எந்த இடம், எந்த வீடு என்று பிறர் தீர்மானித்துச் சொன்னதைக் கேட்டு நின்ற அனுபவமுள்ள வன்னி வாசகர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சபை இருந்தும் இல்லாத காலம்

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட்டு வேலை செய்வதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரை அனுப்பலாம். அந்த உறுப்பினர் லயனுக்கு முன்னால் ஒரு கானைக் கட்டித்தர முடியாது. குப்பை, கழிவுநீர், குடிதண்ணீர், நடைபாதை எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. 1972 இலும் 1975 இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. துரை மாறினார், கம்பனி மாறியது. லயனின் கூரை யாருடைய பொறுப்பு என்பது மட்டும் தெளிவாகவில்லை.

33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டது. அதே வருடம் பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன், தலா இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்களைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் உருவாகின. மலையக அரசியலில் கடந்த 30 வருடங்களில் நடந்த பயனுள்ள சீர்திருத்தங்களில் இவற்றைத்தான் நான் முதலில் வைப்பேன். ஆனால் பழக்கம் ஊன்றுவதற்குள் 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே 6 ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடங்களுக்கு மேல் செயலாளர்கள்தான் சபையை நடத்தினார்கள்.

பிரதேச சபைச் சட்டம் பலர் பயன்படுத்தாத ஒரு வசதியைத் தருகிறது. சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினர்களோடு பிரதேசத்தில் வசிக்கும் சாதாரண மக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். சுற்றாடலுக்கென்று ஒரு குழு அமைத்து, தோட்டத்திலிருந்து இரண்டு பெண்களை அதில் உட்கார வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு தீர்மானம் போதும்.

இந்தியாவிலிருந்து ஓர் ஒப்பீடு. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் வேதாந்தா நிறுவனத்துக்காக பொக்சைட் எடுக்கும் திட்டம் வந்தபோது, 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் முடிவை அந்த மலைக் கிராமங்களின் கிராம சபைகளிடம் விட்டது. 12 கிராம சபைகள் கூடின. 12 உம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்தது. அங்கே தொங்ரியா கொந்த் மக்களுக்கு வன உரிமைச் சட்டம் இருந்தது, ஊர் என்ற அலகு இருந்தது. நமது தோட்டத்தில் டிவிஷன் இருக்கிறது, லயன் இலக்கம் இருக்கிறது. சட்டம் கேட்கக்கூடிய ஊர் இல்லை. 7 பேர்ச்சஸ், பிறகு 10 பேர்ச்சஸ் என்று நடக்கும் காணிப் பேச்சை வெறும் வீட்டுப் பிரச்சினையாகப் பார்ப்பது போதாது என்று நான் நினைப்பது இதனால்தான். காணி உறுதி உள்ளவர் தன் பெயரில் கடிதம் எழுதலாம், பதில் தன் வீட்டுக்கு வரும். லயனில் இருப்பவருக்கு வரும் கடிதம் தோட்டத்து விலாசத்துக்கு வந்து, எப்போது கைக்குக் கிடைக்கும் என்று தெரியாது. 30 நாள் கணக்கில் இது பெரிய விஷயம்.

மீரியபெத்தையில் தகவல் இருந்தது

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரம். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது பின்னர் வெளியில் வந்தது. எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

எங்கே போவது? வீடு தோட்டத்துடையது, காணியும் தோட்டத்துடையது. வேறு இடத்தில் வீடு கட்டக் கடன் கேட்டால் ஈடு வைக்க ஒன்றுமில்லை. தோட்டத்தை விட்டுப் போனால் வேலையும் போகும். எச்சரிக்கை என்பது கேட்டவர் ஏதாவது செய்ய முடிந்தால்தான் எச்சரிக்கை. உயிர் தப்பிய குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் நீண்ட காலம் இருந்துவிட்டுத்தான் புதிய வீடுகளுக்குப் போயின.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் மீண்டும் உயிர்களைக் கொண்டுபோயின. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதுகாப்பான காணி எங்கே, யார் கொடுப்பது, கம்பனியின் குத்தகைக் காணியிலிருந்து எடுக்கலாமா என்று 2014 இல் கேட்ட அதே கேள்விகள் திரும்ப வந்தன.

இந்த விடயத்தில் மக்கள் தாங்களே கையில் எடுக்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு. மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் மழை அளவுகள் இரகசியமல்ல. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு நிலை. 100 மில்லிமீற்றர் என்றால் எச்சரிக்கை. 150 மில்லிமீற்றர், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் வெளியேற வேண்டும். ஒரு சாதாரண மழைமானியும் ஒரு கொப்பியும் இருந்தால் எந்த டிவிஷனிலும் இதை அளக்கலாம். நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு அபாய வரைபடங்களும் இருக்கின்றன. தங்கள் லயன் எந்த நிறத்துக்குள் வருகிறது என்று பார்ப்பது மக்களின் உரிமை. தோட்டத்து நிர்வாகம் மட்டும் பார்த்துவிட்டு மேசைக்குள் வைக்கும் காகிதமல்ல அது.

கேட்காமலே எடுத்த தீர்மானங்கள்

அணை போன்ற திட்டத்துக்காவது அறிவித்தல் உண்டு. நாடு தழுவிய கொள்கை மாற்றத்துக்கு அதுவும் இல்லை. களைநாசினியான கிளைபோசேட் 2015 இல் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீக்கப்பட்டது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியையே ஒரே வர்த்தமானியால் நிறுத்தினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் பின்வாங்கினார்கள். 2021 இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது.

இரசாயனத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மருந்து அடிப்பவர் வெறுங்கையோடு, முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இந்தத் தீர்மானங்கள் எடுக்கப்பட்ட இடத்தில் மருந்து அடித்தவர் இல்லை. களை இடுப்பளவு வளர்ந்த மலையில் அட்டைக் கடியோடு கொழுந்து எடுத்தவரும் இல்லை. கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். கொழும்பில் எடுக்கும் சுற்றாடல் தீர்மானம் மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் இப்படித்தான் வந்து இறங்குகிறது. வல்லுநர்கள், கம்பனிகள், விவசாய அமைப்புகள் எல்லோரும் பேசினார்கள். அந்த இரசாயனத்தோடு அதிக நேரம் செலவிட்ட உடம்புகளுக்குச் சொந்தக்காரர்களைக் கேட்கவில்லை.

வடக்கிலும் இதே கணக்கு

இதை மலையகத்தின் தனிப் பிரச்சினையாகப் படிக்கத் தேவையில்லை. 1977 இலும் 1983 இலும் அடிபட்டு மலையிலிருந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் இன்றும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள். காணி ஆவணம் இல்லாமல் இருப்பதன் விலை அவர்களுக்கு இரண்டு இடத்திலும் தெரியும்.

2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகிவிடும் என்ற நிலை. இடம்பெயர்ந்தவரும் வெளிநாட்டில் இருப்பவரும் உறுதிப்பத்திரத்தை யுத்தத்தில் தொலைத்தவரும் அந்த மூன்று மாதத்துக்குள் என்ன செய்வது? எதிர்ப்பு எழுந்தது, ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அறிவித்தல் வெளியிட்டாயிற்று, இனி உங்கள் பாடு என்ற அதே மனப்பாங்குதான் அங்கும் இருந்தது.

சுன்னாகம் வேறு பாடம். மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்றது. அந்த வழக்கைப் போட்டவர் யாழ்ப்பாணத்தவர் அல்ல, தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளர். சுற்றாடல் விடயத்தில் இப்படியான துணைகள் கிடைக்கும். அவற்றைச் சந்தேகத்தோடு ஒதுக்கிவிடத் தேவையில்லை. ஆனால் கிணறு பாழான பிறகு வந்த நீதி அது. எப்பாவல பொஸ்பேற் வழக்கில் நிலைமை வேறு. அனுராதபுர மாவட்டத்து விவசாயிகள் உட்பட ஏழு பேர் போட்ட அந்த வழக்கில், 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஒழுங்கான ஆய்வும் சட்டப்படியான அனுமதியும் இல்லாமல் சுரங்கத் திட்டம் முன்செல்ல முடியாது என்றது. அவர்கள் தோண்டுவதற்கு முன்னரே போனார்கள்.

நடைமுறையில் என்ன செய்யலாம்

அறிக்கையைப் பார்க்கும் இடம் பெரும்பாலும் பிரதேச செயலகம், பிரதேச சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை அலுவலகம் ஆகியவைதான். நீண்ட காலமாக மஸ்கெலியா, பொகவந்தலாவை மக்கள் பிரதேச செயலகத்துக்கென்று கினிகத்தேனை வரை போக வேண்டியிருந்தது. ஒரு நாட்பேர் போய்விடும். ஆகவே ஒருவர் போய்ப் படம் எடுத்து வந்து பத்துப் பேர் படிப்பதுதான் சரி. ஒரு முறை நான் ஓர் அலுவலகத்தில் அறிக்கை கேட்டபோது ஆங்கிலப் பிரதிதான் கிடைத்தது. தமிழில் ஒரு சுருக்கம் மட்டும் இருந்தது. அந்தச் சுருக்கத்தில் தோட்டத்தின் பெயரே இல்லை. எனவே சுருக்கத்தோடு நின்றுவிடாமல் வரைபடத்தையும், பாதிக்கப்படும் குடும்பங்கள் பற்றிய அத்தியாயத்தையும் கட்டாயம் பாருங்கள். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் தோட்டத்துப் பாடசாலையில் இருப்பார்.

அறிக்கை இல்லை என்றால், அல்லது ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையோடு முடித்துவிட்டார்கள் என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. இது பிரஜைகளுக்கான உரிமை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியைச் சின்னதாகவும் குறிப்பாகவும் கேளுங்கள். “எங்கள் தோட்டத்தின் மண்சரிவு ஆபத்து பற்றிச் சொல்லுங்கள்” என்றால் பொதுவான பதில் வரும். “இந்த டிவிஷனின் இந்த லயன்களைப் பற்றி எந்தத் திகதியில் பரிசோதனை அறிக்கை கொடுக்கப்பட்டது, அதன் பிரதி வேண்டும், அது யாருக்கு அனுப்பப்பட்டது” என்றால் தப்ப முடியாது.

கருத்துக் கடிதம் எழுதும்போது எதிர்க்கிறோம் என்று மட்டும் எழுதி நூறு கையெழுத்து வாங்குவதை விட, தெரிந்த விடயங்களை எழுதுவது பலன் தரும். எந்தப் பீலியில் எந்த மாதத்தில் தண்ணீர் குறைகிறது, எத்தனை குடும்பம் அதைக் குடிக்கிறது, எந்த வருடம் எந்த இடத்தில் மண் இறங்கியது, கோயிலும் மயானமும் எங்கே இருக்கின்றன, பிள்ளைகள் பாடசாலைக்கு எந்தப் பாலத்தால் போகிறார்கள். இந்தத் தகவல்கள் ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையில் பெரும்பாலும் இருக்காது. இப்படியான கருத்து வந்தால் திட்டக்காரர் அதற்குப் பதில் எழுத வேண்டி வரும். நேரில் கேட்கச் சந்தர்ப்பம் தருமாறும் அதே கடிதத்தில் கேளுங்கள். பொது நலனுக்கு ஏற்றது என்று கருதினால் விசாரணை வைக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் கேட்காமல் வைக்கமாட்டார்கள்.

தமிழிலேயே எழுதலாம். தமிழ் அரச கரும மொழி. முகவரி தோட்டத்தினுடையது என்றால், பதில் அனுப்புவதற்குப் பாடசாலை அதிபர், கோயில் பரிபாலன சபை அல்லது பிரதேச சபை உறுப்பினர் ஒருவரின் முகவரியை அவரது சம்மதத்தோடு கொடுப்பது நல்லது. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு பின் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளை எண்ணுவது அறிவித்தல் வெளியான திகதியிலிருந்து, நீங்கள் அதைப் பார்த்த நாளிலிருந்து அல்ல.